இரண்டு அரசாங்கங்களும் ஒரு சலவை அறைத் திறப்பும்

மகனே, நீயும் பிள்ளையும் சுகமாக இருப்பதை மருமகள் சாந்தி சொல்லித் தெரிந்துகொண்டேன். ஆகவே சுகம் விசாரிக்கிற வரிகளை விட்டுவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்ல, எங்கள் மாஸ்டர் எழுதுகிறார். என் வாயில் வருவதை அவர் அச்சுக்குப் போகிற தமிழாக மாற்றித்தான் எழுதுவார். ஆட்கள் கதைத்ததை மட்டும் கதைத்தபடியே போடச் சொல்லியிருக்கிறேன். முன்பு அனுப்பிய கடிதத்தை நீ உடைக்காமலே வைத்திருக்கிறாயாம். தொலைபேசியில் என் குரல் கேட்டதும் சாந்தியின் கையில் கொடுத்துவிடுகிறாய். அதனால்தான், மாஸ்டர் மாதம் ஒருமுறை ரோணியோ இயந்திரத்தில் அடித்து ஊர் ஊராக அனுப்புகிற பத்திரிகையில் இதைப் போடச் சொன்னேன். ஷ்லீரன் நகரத்தில் உன் தொழிற்சாலையில் நிற்கிற பெடியள் எல்லோரும் அதை வாசிப்பார்கள். வாசித்துவிட்டு உன் முகத்தைப் பார்ப்பார்கள். அப்போது இதில் என்ன கிடக்கிறது என்று அறிய நீயும் வாசித்துத்தான் ஆகவேண்டும். தகப்பன் மகனை இப்படிச் சந்தியில் வைத்துக் கூப்பிடுவது மரியாதை இல்லைதான். வேறு வழி நீ வைக்கவில்லை.

வைகாசியில் உன் தம்பி ஈசனுக்குக் கலியாணம். பெண், வில் நகரத்தில் தமையனோடு இருக்கிற கௌரி. ஓல்டனில் ஒரு தேவாலயத்து மண்டபத்தை எடுத்தாயிற்று. ஐயரும் கிடைத்துவிட்டார். இங்கே ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார், அன்றைக்கு லீவு கேட்டிருக்கிறார். கிடைக்காதது நீ ஒருவன்தான். உன் அம்மா இருந்திருந்தால் நானும் அவளும் மாப்பிள்ளையின் தாய் தகப்பனாக மணவறையில் இருந்திருப்போம். அவள் போய்விட்டாள். மனைவியை இழந்தவன் அந்த இடத்தில் தனியே இருக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. மூத்த மகனும் மருமகளும் தம்பதியாக இருந்து அந்தக் காரியங்களைச் செய்யவேண்டும். உங்கள் இருவரையும் விட எனக்கு வேறு மகன் இல்லை. இதைத்தான் உன்னிடம் கேட்டேன். நீ சொன்ன பதிலை மாஸ்டர் அப்படியே எழுதட்டும்: "அவன்ரை ஆக்கள் பாலனைச் சுட்டவங்கள். அந்த வீட்டுப் பொம்பிளைக்கு நான் மாமன் மாமி தானத்திலை இருக்கிறதோ? செத்தாலும் வரன்." அதோடு டக்கென்று வைத்துவிட்டாய்.

இயக்கங்களின் பெயர்களை நான் இங்கே சொல்லப்போவதில்லை. வாசிக்கிற எல்லோருக்கும் தெரியும். பாலன் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவன். எங்கள் குசினியில் சட்டியைத் திறந்து தானே போட்டுச் சாப்பிடுகிற உரிமை அவனுக்கு இருந்தது. அவனைச் சுட்ட இயக்கத்தில்தான் கௌரியின் தமையன் வசந்தன் இருந்தான். இதில் ஒன்றும் பொய்யில்லை. உன் கோபம் வெறும் கோபம் என்று நான் சொன்னால் என் வாய் அழுகிப்போகும். இது ஒரு கிழவன் வந்து "சின்ன விஷயம், விடுங்கோ" என்று சொல்லித் தீர்க்கிற விஷயமும் இல்லை. உனக்குப் புத்தி சொல்ல எனக்குப் படிப்பும் இல்லை. என் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்லமுடியும். எங்கள் வீட்டுக்குக் கீழேயும் மேலேயும் நான் பார்த்ததைச் சொல்கிறேன், பொறுமையாக வாசி.

எண்பத்து நாலில் நானும் ஈசனும் இந்த வீட்டுக்கு வந்தபோது, தண்டவாளத்தைப் பார்த்தபடி நிற்கிற இந்தப் பழைய மூன்று மாடிக் கட்டடத்தில் நடு மாடி எங்களுக்குக் கிடைத்தது. கீழே ஒரு கிழவர், யாசெப். தொண்ணூறை எட்டிக்கொண்டிருந்தார். மேலே இன்னொருவர், மிக்கோலா. என் வயதுக்குக் கொஞ்சம் மூப்பு. இருவரும் தனி ஆட்கள். நிலவறையில் உடுப்புத் தோய்க்கிற இயந்திரம், மூன்று குடிக்கும் பொது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாள். தோய்த்து முடிந்ததும் சலவை அறையைப் பூட்டி, திறப்பை அடுத்த முறைக்காரரின் கையில் கொடுக்கவேண்டும். எங்களுக்குப் பிறகு யாசெப், யாசெப்புக்குப் பிறகு மிக்கோலா. நாங்கள் வந்த முதல் கிழமையே யாசெப் எங்கள் கதவைத் தட்டித் திறப்பை என் கையில் வைத்தார். "எங்கட முறை முடிஞ்சுது" என்று நான் கையால் காட்டினேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் பெருவிரலால் மேலே காட்டினார். மேல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கட்டுமாம். கால் ஏலாது போலும் என்று கொண்டுபோனேன். மிக்கோலா வாங்கினார், என் கையில் இருந்த கைக்குட்டையை எடுத்து அந்தத் திறப்பைத் துடைத்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டார். என் கைக்குட்டையால், மகனே.

காணிச் சண்டையோ, பெண் விவகாரமோ என்றுதான் நினைத்தேன். இரண்டும் இல்லை. எங்களுக்கு முன் நடு மாடியில் இருந்த இத்தாலியக் குடும்பமும் இப்படித்தான் திறப்பைச் சுமந்திருக்கிறது. ஈசன் ஜெர்மன் கொஞ்சம் பழகியதும், யாசெப் எங்களைக் கோப்பி குடிக்கக் கூப்பிட்டார். சுவரில் ஒரு கொடி. வெள்ளை, நடுவில் சிவப்பு, கீழே திரும்பவும் வெள்ளை. அது என்ன என்று கேட்டோம். கிழவர் எழுந்து, மேற்சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு, பிறகுதான் பதில் சொன்னார். அது அவர்களுடைய நாட்டின் கொடியாம். பெலாருஸ் மக்கள் குடியரசு. முதலாவது உலக யுத்தம் முடியப்போகிற வருடம், பங்குனி இருபத்தைந்தாம் தேதி, மின்ஸ்க் நகரத்தில் கூடி, எங்கள் நாடு இனிச் சுதந்திர நாடு என்று அறிவித்தார்களாம். அப்போது அந்த நகரத்தில் நின்றது ஜெர்மன் இராணுவம். யாசெப் மாணவன், மண்டபத்தின் பின்பக்கம் நின்று கேட்டிருக்கிறார்.

"எத்தினை காலம் இருந்ததாம் உந்த நாடு?" என்று நான் ஈசனிடம் கேட்டேன்.

"ஒரு வருசமும் இல்லையாம் அப்பா. மாரியோட ஜெர்மன்காரன் போக, ரஷ்யாக்காரன் வந்திட்டானாம். மந்திரிமார் பெட்டியோட ரயிலேறினவையாம்."

"பிறகு?"

"இன்னும் இறங்கேல்லையாம்."

யாசெப்பும் அதைக் கேட்டுத் தலையாட்டினார். நாடு விழுந்தது, அரசாங்கம் விழவில்லை என்றார். ஊர் ஊராக, நாடு நாடாக அது போயிருக்கிறது. இடையில் சிலர் களைத்துப்போய், இனிப் போதும் என்று திரும்பிப் போனார்களாம். போனவர்களை அங்கே உயிரோடு விடவில்லை. மிச்சப்பேர் அமெரிக்கா, கனடா என்று சிதறி, ஒருவர் செத்தால் இன்னொருவரை அந்தக் கதிரைக்குத் தெரிவுசெய்து, இன்றைக்கும் அரசாங்கத்தை நடத்துகிறார்கள். தனக்கும் ஒரு பதவி இருக்கிறது என்று நெஞ்சைத் தொட்டார். ஈசன் அதைத் தபால் மந்திரி என்று மொழிபெயர்த்தான். மொழிபெயர்த்துவிட்டு என் காதுக்குள் சொன்னான்: "அதுதான் அப்பா, மனுசனுக்கு ஒரு கடிதமும் வாறேல்லை." நான் கோப்பியைத் துப்பாமல் விழுங்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்படியென்றால் மேலே இருக்கிறவர் ரஷ்யாக்காரனோ என்று கேட்டேன். யாசெப்பின் முகம் கறுத்தது. இல்லை, அவரும் பெலாருஸ்காரர்தான். ஆனால் அவர் வேறு அரசாங்கம். இரண்டாவது யுத்தத்தில் திரும்பவும் ஜெர்மன்காரன் வந்து நின்றபோது ஒரு சபை கூட்டினார்கள். அந்தச் சபையைச் சேர்ந்தவர் மிக்கோலா. "ஜெர்மன்காரன் போட்டுக் குடுத்த கதிரை" என்றார் யாசெப். இதை நான் மனதில் வைத்திருந்து, ஒருநாள் திறப்புக் கொண்டுபோனபோது ஈசனையும் கூட்டிப்போய் மிக்கோலாவிடம் கேட்டேன். அவர் வீட்டுச் சுவரிலும் அதே கொடி. அதே வெள்ளை, அதே சிவப்பு. அவர் சிரித்தார். "அவை அறிவிச்ச நேரம் நகரத்திலை நிண்டது ஆராம்? அதே ஜெர்மன்காரன்தான். அவன்ரை ராசாவுக்கு நன்றி சொல்லித் தந்தி அடிச்சவை கீழ் வீட்டுக்காரற்றை ஆக்கள். என்ரை கதிரையைப் பற்றி அவர் கதைக்கிறாராமோ?" நான் கீழே வந்து என் வீட்டு வாசலில் நின்றேன். எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் அந்தப் பக்கம் சரியாகத்தான் இருந்தது. அது எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்று உனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒருவன் பிழையாக இருந்தால் அவனைப் பேசிவிட்டுப் போய்ப் படுக்கலாம்.

அதன் பிறகு நான் இரண்டு அரசாங்கத்துக்கும் தூதுவன் ஆனேன். "வெளிநாட்டு மந்திரி வெளிக்கிட்டிட்டார்" என்று ஈசன் பகிடி பண்ணுவான். திறப்பு மட்டுமில்லை. மேலே தண்ணீர்க் குழாய் ஒழுகினால் கீழே சொல்ல நான். கீழே ரேடியோச் சத்தம் கூடினால் குறைக்கச் சொல்ல நான். பங்குனி இருபத்தைந்து வந்தால் இரண்டு வீட்டிலும் கொண்டாட்டம், இரண்டு வீட்டிலும் அதே உருளைக்கிழங்கு ரொட்டி, இரண்டையும் தின்று முடிக்கவேண்டியதும் நான். தின்ற பிறகு ஒரு பாட்டு. கீழே யாசெப் தொடங்குவார். ஒரு வரி தள்ளி மேலே மிக்கோலா தொடங்குவார். அதே பாட்டு. நடுவில் எங்கள் வீட்டுக்குள் அது முன்னும் பின்னுமாக, இரண்டு குருடர் ஒரு கதவைத் தேடுகிற மாதிரி வந்து சேரும்.

போன வருடம் அந்த நாளில் நீ சாந்தியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாய். கீழேயும் மேலேயும் பாட்டு வந்ததும் நீ கதிரையில் விழுந்து விழுந்து சிரித்தாய். "ஒரு பாட்டையே சேந்து பாட ஏலாத கிழடுகள் நாட்டை என்னெண்டு பிடிச்சவை?" என்றாய். நல்ல கதை என்று நானும் வந்தவன் போனவனுக்கெல்லாம் அதைச் சொல்லித் திரிந்தேன். அடுத்த மாதம் பாலனைச் சுட்ட செய்தி வந்தது. அதன் பிறகு நீ சிரித்ததை நான் பார்க்கவில்லை. தமிழ்க் கடைக்குப் போனால் முதலில் கண்ணாடிக்குள்ளால் யார் நிற்கிறான் என்று பார்க்கிறாய். அந்த இயக்கத்து ஆள் ஒருவன் நின்றால் மல்லித்தூள் இல்லாமல் வீட்டுக்குத் திரும்புகிறாய். சாந்தி சொன்னாள். பிள்ளைக்குப் பிறந்தநாள் வைத்தபோது யாரைக் கூப்பிடுவது, யாரை விடுவது என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் நாலு பேருக்குக் கேக் வெட்டினாய். நாலில் ஒன்று நான்.

இப்படிப்பட்டவன் இல்லை நீ. ஈசன் இந்த நாட்டுக்கு வந்த நாளை நினைத்துப் பார். முகாமில் அவனைப் பார்க்க நீ வந்தபோது வெளியே பனி கொட்டிக்கிடந்தது, அவன் காலில் ரப்பர்ச் செருப்பு. நீ வாங்கிவந்த சப்பாத்து அவனுக்கு அளவில்லை. நீ உன் சப்பாத்தைக் கழற்றி அவன் காலில் மாட்டிவிட்டு, அவனுடைய செருப்போடு ரயிலேறினாய். அவன் முகாம் ஜன்னலால் உன் காலைப் பார்த்துக்கொண்டே நின்றான். பக்கத்தில் நின்ற நான் இரண்டு பேரையும் பார்த்தேன். அன்றைக்கு அவன் எந்த இயக்கத்துக்கு ஆதரவு என்று நீ கேட்டுவிட்டா கழற்றினாய்?

இந்தப் பங்குனி தொடக்கத்தில் யாசெப் செத்துப்போனார். காலையில் திறப்பு வரவில்லை என்று நான்தான் போய்த் தட்டினேன், நான்தான் வீட்டுப் பொறுப்பாளரைக் கூப்பிட்டேன். சொந்தம் என்று ஒருவரும் இல்லை. நகரசபை ஆட்கள் வந்து உடலைக் கொண்டுபோனார்கள், அடக்கத்துக்கு நாள் சொன்னார்கள், பிறகு கதவுக்குக் குறுக்கே முத்திரைத்தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். இனி அந்த வீட்டுக்குள் யாரும் போகக்கூடாது. நான் உடனே ஈசனையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினேன். எங்கள் ஊரில் கலியாண வீட்டுக்குச் சொன்னால்தான் போவோம். செத்தவீட்டுக்குச் சொல்லாமலே போவோம், கோபக்காரன் என்றாலும் போவோம், அங்கே வாய் திறந்து ஒரு சொல் சொன்னால் அந்தக் கோபம் அத்தோடு சரி. அந்த நினைப்பில்தான் மிக்கோலாவின் கதவைத் தட்டினேன். அவர் கேட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். என் வயிற்றில் பால் வார்த்தது. பிறகு அவர் கேட்டது: "அடக்கத்திலை அவரை மந்திரி எண்டு சொல்லுவினமோ?" தெரியாது என்று ஈசன் சொன்னான். "சொன்னா நான் வரேலாது. வந்தா நான் ஒத்துக்கொண்ட மாதிரி." கதவு சாத்தியாயிற்று.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் படியிலேயே இருந்துவிட்டேன். யாசெப் தன் சவப்பெட்டியின் மேல் அந்தக் கொடியைப் போடவேண்டும் என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். கொடி உள்ளே, கதவில் முத்திரை. அடக்கத்தன்று காலை நிலவறைக்குப் போனேன். கயிற்றில் மிக்கோலாவின் கொடி தொங்கியது. இருபத்தைந்தாம் தேதிக்காகத் தோய்த்துக் காயவிட்டிருந்தார். அதே வெள்ளை, அதே சிவப்பு. எங்கள் ஊரில் செத்தவீட்டுக்குப் பக்கத்து வீட்டில் பாய் எடுப்போம், கதிரை எடுப்போம், வேட்டி எடுப்போம். யாரும் கேட்டு எடுப்பதில்லை, கேட்டால்தான் கோபிப்பார்கள். நான் எடுத்தேன். மடித்து மேற்சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

மயானத்தில் நான், ஈசன், வீட்டுப் பொறுப்பாளர், நகரசபை அனுப்பிய பாதிரியார். அவ்வளவுதான் ஜனம். கொடியைப் பெட்டியின் மேல் விரித்தேன். பாதிரியார் ஜெர்மனில் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். அப்போது மிக்கோலா வந்தார். அந்தக் குளிரில் மேற்சட்டை இல்லாமல், வீட்டுச் செருப்போடு, சேற்றில் ஓடிவந்தார். வந்துவிட்டாரே என்று எனக்குக் கண் கலங்கியது. அவர் நேராகப் பெட்டியடிக்குப் போய்க் கொடியின் இரண்டு மூலையையும் பிடித்து இழுத்தார். நான் மற்ற மூலையைப் பிடித்தேன்.

"விடுங்கோ அண்ணை, செத்தவன்ரை துணி!" என்று தமிழில் கத்தினேன்.

அவர் தன் மொழியில் கத்தினார். பாதிரியார் புத்தகத்தை மூடிவிட்டார்.

"அப்பா, விடுங்கோ" என்றான் ஈசன். "அது அவற்றை கொடி. நாங்கள்தான் களவெடுத்தனாங்கள்."

விட்டேன். அவர் அதை விளிம்போடு விளிம்பு சேர்த்து மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். போகவும் இல்லை. கொஞ்சம் தள்ளி மரத்தடியில் நின்றார். பெட்டி வெறும் பலகையாக இறங்கியது. அந்த நகரத்திலேயே யாசெப்பின் மொழியில் அவருக்கு ஒரு சொல் சொல்லக்கூடிய ஒரே மனிதர் அந்த மரத்தடியில் வாயை மூடிக்கொண்டு நின்றார். கடைசி மண்ணைப் போட்டதும் திரும்பிப் போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழி முழுக்க நான் அவரைத் திட்டிக்கொண்டு வந்தேன். படியேறும்போது ஈசன், "அண்ணையும் உப்பிடித்தான் வந்து நிப்பாரோ அப்பா?" என்று கேட்டான். அது உன்னைப் பற்றிய கேள்வி.

பிறகு இருபத்தைந்தாம் தேதி வந்தது. மேலே ரொட்டி பொரிகிற வாசனை வந்தது. என்னைக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் நான் போயிருக்கமாட்டேன். பாட்டுத் தொடங்கியது. கீழே சத்தமில்லை. மேலே ஒரு குரல் இரண்டு வரி பாடியது, நின்றது. திரும்பவும் முதலில் இருந்து பாடியது, அதே இடத்தில் நின்றது. மூன்றாம் முறையும் அப்படித்தான். கொஞ்சம் கழித்து எங்கள் கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. மிக்கோலா நல்ல சட்டையும் கழுத்துப் பட்டியும் கட்டிக்கொண்டு நின்றார். ஈசனிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"அப்பா, அந்தப் பாட்டிலை மூண்டாம் வரி என்னெண்டு கேக்கிறார். தனக்கு அது ஒரு நாளும் சரியாப் பாடமில்லையாம். கீழை இருந்து கேக்குமாம், கேட்டுக் கேட்டுத்தான் பாடினவராம். நீங்கள் நடுவிலை இருந்து கேட்டனீங்கள்தானே எண்டுறார்."

எனக்கு அந்த வரி தெரியும், மகனே. அர்த்தம் தெரியாது, ஆனால் ஒருமுறை காதில் விழுந்தது என்னை விட்டுப் போவதில்லை, உனக்குத் தெரியும். என் வாயில் வந்து நின்றது. அந்தக் கிழவனுக்குத் துணி கொடுக்காத உனக்கு அவனுடைய வரி வேணுமோ என்று கேட்கத்தான் மனம் வந்தது. கேட்டிருப்பேன். கேட்டிருந்தால் அந்த வீட்டில் நான் மூன்றாவது அரசாங்கமாக ஆகியிருப்பேன். முறைத்துக்கொண்டே பாடிக் காட்டினேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார், உதட்டால் சொல்லிப் பார்த்தார், மேலே போனார். திரும்பவும் பாட்டுத் தொடங்கியது, திரும்பவும் அந்த இடத்தில் நின்றது. நான் குசினியில் கரண்டியோடு நின்று மேலே பார்த்து அந்த வரியைக் கத்தினேன். கோபத்தோடுதான் கத்தினேன். இப்போதும் அந்த மனிதனில் எனக்கு மனம் ஆறவில்லை. மயானத்தில் பாடியிருக்கவேண்டிய பாட்டு அது.

இதை வாசித்துவிட்டு, அப்பா ஒற்றுமையைப் பற்றிக் கதை சொல்கிறார் என்று நினைக்காதே. அந்தக் கிழவர்களை நான் ஒன்றாக்கவில்லை. என்னால் முடியவில்லை. வசந்தனையும் உன்னையும் கட்டிப்பிடிக்கச் சொல்லவும் இல்லை. சம்பந்தம் பேச வில் நகரத்துக்குப் போன அன்றைக்கு, தேத்தண்ணி குடிக்க முன்னம், நான் அவனிடம் நேராகக் கேட்டேன்.

"பாலனைச் சுடேக்கை நீ அங்கை நிண்டனியோ?"

"இல்லை ஐயா."

"நிண்டிருந்தா?"

"சுட்டிருப்பன் ஐயா. சுடு எண்டா சுடவேணும். அதை யோசிச்சுத்தான் ஓடி வந்தனான்."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டேன். ஆனால் அவன் பொய் சொல்லவில்லை. அவனை மன்னிக்கிறதோ இல்லையோ, அது உன்னுடைய காரியம். நூறு வருடம் எடுத்தாலும் எடு. அவனோடு கதைக்கவேண்டாம், அவன் பக்கம் திரும்பவும் வேண்டாம். நான் உன்னைக் கேட்கிறது வசந்தனுக்காக இல்லை. செருப்போடு பனியில் நின்ற உன் தம்பிக்காக. உன் இடத்தில் வந்து இரு என்றுதான் கேட்கிறேன். வந்து இருந்தால் நீ எதையோ ஒத்துக்கொண்டதாக ஆகிவிடும் என்று நினைக்கிறாய். ஆகாது. அப்படி ஆகும் என்று நினைத்து மரத்தடியில் நின்ற ஒருவரைப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

முந்தநாள் சாந்தி தொலைபேசி எடுத்தாள். "மாமா, நான் பிள்ளையோட வாறன். சாறியும் எடுத்து வைச்சிட்டன். அவர் வந்தா வரட்டும். வராட்டி வீட்டிலை இருந்து தன்ரை கட்சிக்குத் தானே சமைக்கட்டும்" என்றாள். இதை உனக்கு முன்னால் நின்றுதான் சொன்னாளாம், நீ தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினாயாம். ஐயரிடம் கேட்டேன். தனியே ஒரு பெண்ணை அந்த இடத்தில் இருத்த ஏலாது, வேறு தம்பதியைப் பிடியுங்கோ என்றார். மாஸ்டரும் அவருடைய மனைவியும் இருக்கிறோம் என்று சொன்னார்கள். நல்ல மனம். நான் வேண்டாம் என்றுவிட்டேன். இதை எழுதும்போது மாஸ்டர் பேனையை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறார். எழுதுங்கோ மாஸ்டர், என்ன பார்க்கிறியள்?

சனிக்கிழமை, முகூர்த்தம் பத்தரைக்கு. மாப்பிள்ளை பக்கத்தில் இரண்டு பலகை போடுவேன். ஒன்றில் சாந்தி இருப்பாள். மற்றதில் நான் யாரையும் இருத்தமாட்டேன். ஐயர் தடுத்தால், ஆள் உயிரோடை ஷ்லீரனிலை இருக்கு, கொஞ்சம் பொறுங்கோ என்பேன். வசந்தனும் எதிரே இருந்து அந்தப் பலகையைப் பார்க்கட்டும். ஈசன் தலைப்பாகையோடு குனிந்து இருந்துகொண்டு பார்க்கட்டும். உன் மகள் ஓரிடத்தில் நிற்கிற பிள்ளை இல்லை. ஓடிவந்து அந்தப் பலகையில் ஏறப் பார்ப்பாள். நான் தூக்கமாட்டேன், தடுக்கவும் மாட்டேன். ஏறி இருந்துகொண்டு சபைக்கு நடுவில், "இது ஆரின்ரை இடம் அப்பப்பா? ஏன் அவர் வரேல்லை?" என்று கேட்பாள். அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. அவளுக்குச் சொல்லவேண்டிய பதிலை நீ இப்போதே யோசித்து வை. சொல்ல முடியாமல் போனால், பத்தரைக்கு முன்னம் வந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிவிட்டு அதில் இரு.

அப்பா